டெலிவிஷனில் இன்னும் பாடும் இரண்டு பாட்டிமார்!

அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டுக் கட்டத் தெரியும்!

ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. பாட்டு எல்லாம் நெஞ்சுக்குள்ளே இருந்தது. வாயைத் திறந்தால் மடை திறந்தது போல வந்தது.

அவர் பெயர் கருப்பாயி. ஊர், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கொல்லங்குடி. அதனால் "கொல்லங்குடி கருப்பாயி" என்று பெயர் பெற்றார்.

முதலில் அவர் குரல் வானொலியில் ஒலித்தது. பிறகு சினிமா அழைத்தது. 1985-ம் ஆண்டு, பாண்டியராஜன் டைரக்ட் செய்து நடித்த "ஆண் பாவம்" படம் வெளிவந்தது. அதில் கருப்பாயி பாட்டியாக நடித்தார். தம் சொந்தக் குரலில் பாடவும் செய்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 60!

1993-ல் தமிழக அரசு அவருக்குக் "கலைமாமணி" பட்டம் கொடுத்தது. 2025 ஜூன் மாதம், 99-வது வயதில் அவர் காலமானார்.

ஆனால் குரல் போகவில்லை. டெலிவிஷனில் "ஆண் பாவம்" வரும்போதெல்லாம் பாட்டி வருகிறார், பாடுகிறார். படம் வந்த காலத்தில் பிறக்காத குழந்தைகளும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வீட்டு வேலை செய்தவர்

அமெரிக்காவிலும் இப்படி ஒரு பாட்டி இருந்தார். அவர் பெயர் எலிசபெத் காட்டன். கறுப்பு இனத்தைச் சேர்ந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கிதார் வாசிக்கப் பழகினார். இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் கிதாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார்!

கலியாணம் ஆயிற்று. குடும்பப் பாரம் அழுத்தியது. பல ஆண்டுகள் அவர் கிதாரைத் தொடவே இல்லை.

பிறகு, வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தார். அங்கே ஒரு சிறுமி தாயைப் பிரிந்து தவித்தாள். காட்டன் அவளைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் அவரைத் தன் வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொண்டாள்.

அது சீகர் குடும்பம், பாட்டுக்காரர்களின் குடும்பம். ஒரு நாள் அங்கே இருந்த கிதாரை எடுத்து வாசித்தார் காட்டன். வீடே வியந்தது!

அந்த வீட்டு மூத்த தாரத்துப் பிள்ளைதான் புகழ்பெற்ற நாட்டுப்பாடகர் பீட் சீகர். அவர் 1965, 1966-ம் ஆண்டுகளில் டெலிவிஷனில் 39 நிகழ்ச்சிகள் நடத்தினார். எல்லாம் கறுப்பு-வெள்ளைப் படம். அதில் காட்டனையும் அழைத்துப் பாட வைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

1985-ல் காட்டனுக்குக் கிராமி பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 90-க்கு மேல்! நம் கருப்பாயி சினிமாவுக்கு வந்ததும் அதே ஆண்டுதான். காட்டன் 1987-ல் காலமானார்.

ராஜா கதை நின்றது

இந்த இரண்டு பேர் குரலும் நமக்குக் கிடைத்தது எப்படி? அவர்கள் உயிரோடு இருந்தபோதே யாரோ ஒருவர் பதிவு செய்து வைத்தார். அவ்வளவுதான்!

செஞ்சி தேசிங்கு ராஜா 1714-ல் போரில் மாண்டார். அவர் கதையை மக்கள் பாட்டாகப் பாடினார்கள். அது புத்தகமாக அச்சாயிற்று. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த "ராஜா தேசிங்கு" படமும் வந்தது. ராஜா கதை நிலைத்துவிட்டது.

ஆனால், செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊர்களில் நாற்று நட்ட பெண்கள் பாடிய பாட்டு? தொட்டில் ஆட்டியபோது பாடிய பாட்டு? இழவு வீட்டு ஒப்பாரி? இவற்றில் பல, பாடியவரோடு போய்விடும்.

செலவே இல்லை

இதைத் தடுக்கப் பணம் வேண்டாம். செல்போன் போதும். வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். டெலிவிஷனை நிறுத்துங்கள். மின்விசிறிச் சத்தமும் வேண்டாம். முதலில் பேரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். "இதை எப்போது பாடுவீர்கள்? யாரிடம் கற்றீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு பாட விடுங்கள். நடுவே திருத்த வேண்டாம். பதிவு செய்ததை இரண்டு இடங்களில் பத்திரமாக வையுங்கள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றுதான் பாட்டி முதலில் சொல்வார். விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்!