களம் ஒன்று, வழி பல

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதி மாணவர்க்கு விளையாட்டு என்றதும் நினைவில் எழுவன கபடியும் கால்பந்தும் மட்டைப்பந்துமே. கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டத்தைச் செல்வர்தம் பொழுதுபோக்கு என நாம் ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும் அவ்வாட்டம் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. கொடைக்கானலில் 1895ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் சங்கம் தோன்றியது. சென்னை நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் 18 குழிக் களம் உள்ளது. ஆட்டத்தினும் அதன் களத்தை அமைக்கும் கலையே ஆசிரியராகிய நம் கருத்தை ஈர்க்கின்றது. வல்லாரும் மெல்லாரும் ஒரே நிலத்தில் ஒருங்கே ஆடி மகிழ அதனை அமைப்பது எங்ஙனம்? அதனை ஈண்டுக் காண்போம்.

ஆட்டத்தின் இயல்பு

தொடக்க மேடையினின்று பந்தை அடித்து, தொலைவிலுள்ள பசும்புல் தரையில் 108 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு குழியுள் வீழ்த்துதல் வேண்டும். அடிகள் குறையக் குறைய வெற்றி. இடையில் மணற்குழிகளும் நீர்நிலைகளும் மரங்களும் தடைகளாய் நிற்கும். இத்தடைகளை எங்கு வைப்பது என்பதிலேதான் அமைப்பாளரின் அறம் வெளிப்படுகின்றது.

களங்களை மதிப்பிடுவோர் கொள்ளும் அளவைப்படி, தேர்ந்த ஆடவர் முதலடியில் 250 கெசமும் இடைநிலை ஆடவர் 200 கெசமும் பந்தைச் செலுத்துவர். 180 கெசத்தில் குறுக்கே ஒரு மணற்குழியைத் தோண்டினால் விளைவது யாது? வல்லவரின் பந்து அதன்மேற் பறந்து செல்லும். அக்குழி அங்கிருப்பதையே அவர் உணரார். மெலியவரின் பந்தோ அதனுள் சிக்கும். அதே குழியை 240 கெசத்தில் ஒரு பக்கமாக வைத்தால், மெலியவர் அதனை எட்டாது தம் வழியே செல்வார். வல்லவரோ நின்று எண்ணிப் பார்த்தே அடிப்பார். குழி ஒன்றே, இடம் மாறியதும் நீதியும் மாறிற்று.

இரு கொள்கைகள்

தவறிய அடி தண்டிக்கப்பட்டே தீர வேண்டும் என்பது ஒரு கொள்கை. அமெரிக்காவில் ஹென்றி ஃபௌன்ஸ் அமைத்த ஓக்மாண்ட் களம் இதற்குச் சான்று. மற்றொரு கொள்கை, வழியைத் தெரிந்துகொள்ளும் உரிமையை ஆடுவோர்க்கே அளிப்பது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழங்களம் இதன் தாயகம் எனலாம். அங்கே நிலம் அகன்று கிடக்கின்றது. துணிந்தவர் தடைகளை ஒட்டிக் குறுக்கு வழியிற் செல்லலாம். அஞ்சுபவர் சுற்றுவழியிற் செல்லலாம்.

இவ்வுண்மையை நெறியாக வகுத்தோருள் ஒருவர் மருத்துவராயிருந்து களமமைப்பாளரான அலிஸ்டர் மெக்கென்சி. 1920இல் வெளிவந்த தம் நூலில், புதிதாய் ஆடுபவரும் இன்புறுமாறு களம் அமைதல் வேண்டும் என அவர் வலியுறுத்தினார். பாபி ஜோன்சுடன் இணைந்து அவர் அமைத்த அகஸ்டா களம் 1933இல் திறக்கப்பட்டது. அதன் 13ஆம் குழிக்கு முன்னே ஓர் ஓடை செல்கின்றது. வல்லவர் இரண்டாம் அடியிலேயே ஓடையைத் தாண்ட முயல்வார். தவறினால் பந்து நீரில் விழும். ஏனையோர் ஓடைக்கு இப்பாலே நிறுத்தி மூன்றாம் அடியில் எளிதிற் கடப்பர். அவர்க்கு இழப்பு ஓர் அடியே, ஆட்டமன்று.

தொடக்க மேடைகள் பல அமைப்பது மற்றொரு முறை. முன்மேடையினின்று அடிப்பவர்க்குத் தொலைவு குறையும்; குழியோ அனைவர்க்கும் அதுவே. ஆயினும் முன்மேடையில் நிற்பதை இழுக்கெனக் கருதிப் பின்மேடையில் நின்று இடர்ப்படுவோர் பலர். ஆதலின் 2011இல் அமெரிக்கக் கோல்ஃப் அமைப்புகள், அவரவர் ஆற்றலுக்கேற்ற மேடையைத் தேர்ந்துகொள்ளுமாறு ஓர் இயக்கமே நடத்தின.

வகுப்பறையும் ஒரு களமே

இது நமக்கு எவ்வாறு பொருந்தும்? நம் வகுப்பில் தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர் உளர். ஆங்கிலவழியிற் பயின்றவர் உளர். வீட்டில் உருது பேசுவோர் உளர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவரும் உளர். இவர் அனைவர்க்கும் பாடம் ஒன்றே, தேர்வும் ஒன்றே.

வினாத்தாளில் வினாவின் சொற்களையே விளங்காவண்ணம் அமைப்பது 180 கெசத்தில் குழி தோண்டுவதை ஒக்கும். தேர்ந்த மாணவர் அதனைக் காணாமலே கடப்பர். எளிய மாணவர் விடை அறிந்திருந்தும் அங்கேயே வீழ்வர். கடினம் வினாவின் ஆழத்தில் இருக்கட்டும்; வாயிலில் வேண்டா.

முன்மேடைக்கும் நம் மொழியில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் பதிப்பித்தார். செய்யுளை அவர் சுருக்கவில்லை. பொருளை எளிமையாக்கவும் இல்லை. படிப்பவர் நின்று தொடங்கும் இடத்தை மட்டுமே அருகே கொணர்ந்தார். அப்பதிப்பால் சங்க இலக்கியத்தின் மாண்பு குறைந்ததா? படிப்போர்க்கு வழி திறந்தது, அவ்வளவே.

எனவே மாணவர்க்கு நாம் கூறுவது: சந்தி பிரித்த பதிப்பினின்று தொடங்குவதற்கு நாணற்க, இவ்வாண்டு முன்மேடையில் நிற்பவர் அடுத்த ஆண்டு பின்மேடைக்குச் செல்லலாம். ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோளும் ஒன்றே: குழியை அகலமாக்க வேண்டா, அதனை அடையும் வழிகளைப் பலவாக்குவோம்.