கணக்கேடும் கல்வெட்டும்

கணக்கு இருவகைத்து. ஒன்று நாடோறும் மாறுவது. மற்றொன்று ஒரு நாளில் நின்ற நிலையை மாறாது காட்டுவது. கணினியிலுள்ள தரவுத்தளம் முன்னையது. அதனின்றும் எடுக்கும் அறிக்கை பின்னையது. இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் இடர் சிறிதன்று.

நம் காஞ்சிமாநகரத்து நெசவினை எடுத்துக்கொள்வோம். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளர் பாவும் ஊடையும் சரிகையும் எடையிட்டுப் பெறுகின்றார். சேலை முடிந்தபின் அதனை எடையிட்டுத் தந்து கூலி பெறுகின்றார். இக்கணக்கு தரவுத்தளத்தில் ஏற்றப்படுவதாகக் கொள்வோம். சென்ற திங்களிறுதியில் தம்பால் நின்ற சரிகை எவ்வளவு என அவர் இன்று வினவுகின்றார். இடையில் எவரேனும் பதிவைத் திருத்தியிருப்பின், திரை திருத்திய எண்ணையே காட்டும். அன்றைய நிலைக்குச் சான்று இராது.

அச்சான்றினைத் தருவது பீ.டி.எஃப். கோப்பு. அடோபி நிறுவனத்தார் 1993இல் வெளியிட்ட இவ்வமைப்பு, 2008இல் அனைத்துலகத் தரமாயிற்று. எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பதித்துவைப்பின், எக்கணினியில் திறப்பினும் பக்கம் மாறாது; பதியாது விடின் தமிழெழுத்துகள் சிதையக்கூடும். நெடுங்காலக் காப்பிற்கென 2005இல் வகுக்கப்பெற்ற பீ.டி.எஃப்./ஏ என்னும் தரம் அப்பதிப்பினைக் கட்டாயமாக்குகின்றது.

நாடோறும் மறவாது இதனைச் செய்தல் மனிதர்க்கு அரிது. ஆகவே பொறியிடமே விடுதல் நன்று. முதற்கண், வேண்டும் விவரங்களைத் திரட்டும் வினவலையும் அறிக்கையின் படிவத்தையும் அமைத்தல் வேண்டும். அடுத்து, அறிக்கையைக் கோப்பாக எழுதும் நிரலை, லினக்சில் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் என்னும் ஏவலர் வாயிலாகக் குறித்த மணிக்கு இயங்கச் செய்தல் வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, திங்கள், நாள் ஆகியன முறையே வருதல் இன்றியமையாதது. இன்றேல் இன்றைய கோப்பு நேற்றையதை அழித்துவிடும். ஏவல் தவறியவழி அறிவிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

ஆயினும், பீ.டி.எஃப். திருத்தவே ஒண்ணாததன்று. மின்னொப்பம் இடின் பிற்றைநாள் திருத்தம் வெளிப்படும். அதனினும் எளிய காப்பு ஒன்றுண்டு: நெசவாளர் கையிலும் ஒரு படி இருத்தல்.

நம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயரிடற்கு உரியரல்லர் என விதிக்கின்றது. அவ்விதி ஊரார் காணக் கோயிற்சுவரில் நின்றது. நம் கோப்பும் பெட்டியுள் உறங்காது, கணக்கிற்கு உரியவர் கையைச் சேர்தல் வேண்டும். அன்றே அது சான்றாகும்.