கல் மரத்துக்கு வயது 12 கோடி. கம்ப்யூட்டருக்கு ஏன் ஐந்தே ஆண்டு?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. அதற்கு இலை இல்லை. பட்டு உதிர்ந்து மக்கவும் இல்லை. அடி முதல் நுனி வரை கல்! நீளம் சுமார் 18 மீட்டர். 1940-ம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து கூறினார். மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் அறிஞர்கள்.

பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் கோவில் நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு வயது ஏறக்குறைய ஆயிரம்.

இதே மாவட்டங்களில், வீடுகளுக்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது. ஐந்தாறு வருஷத்திலேயே அதற்குக் கிழத்தனம் வந்துவிடுகிறது. அதுதான் கம்ப்யூட்டர்!

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அப்படி வந்த லேப்டாப்புகளில் பல, பிறகு பரண் மேல் ஏறிவிட்டன. கேட்டால், "அது கெட்டுப்போச்சுங்க" என்பார்கள்.

கெட்டுப்போனது எது? முழு யந்திரமுமா?

மூளை சுலபத்தில் சாகாது

இல்லை! கம்ப்யூட்டரின் மூளை ஒரு சிறு சில்லு. அதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. ஆகவே தேய்மானமும் மிகக் குறைவு.

1977-ம் ஆண்டில் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய வாயேஜர்-1 என்ற கலத்தைப் பாருங்கள். 46 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், அதன் கம்ப்யூட்டரில் ஒரு நினைவுச் சில்லு பழுதாயிற்று. கலம் உளற ஆரம்பித்தது. பூமியில் இருந்தபடியே விஞ்ஞானிகள் அந்தச் சில்லை ஒதுக்கினார்கள். அதில் இருந்த கட்டளைகளை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் கலம் மீண்டும் சரியாகப் பேசியது!

அப்படியானால் நம் வீட்டில் முதலில் சாவது எது? சுழலும் பாகங்களும், உள்ளே ரசாயனம் அடைத்த பாகங்களும்தான்.

புழுதியும் உஷ்ணமும்

கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி விசிறி சுழல்கிறது. சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. காற்றை இழுக்கும்போது புழுதியையும் சேர்த்து இழுக்கும். அரியலூர்ப் பக்கம் புழுதிக்குப் பஞ்சமா? சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்டு ஆலைகள், இரவு பகலாக லாரிகள்! அந்தப் புழுதி உள்ளே கம்பளம் போல் படிகிறது. காற்று போக வழி அடைபடுகிறது. சூடு உள்ளேயே தங்குகிறது.

பெரம்பலூர் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கும்போது, நான்கு பக்கமும் காற்றாட விடுகிறார். காற்று இல்லாவிட்டால் வெங்காயம் அழுகிவிடும். கம்ப்யூட்டரும் அப்படியே! அதை மெத்தை மீதும் தலையணை மீதும் வைப்பது, பட்டறையைத் தார்ப்பாயால் இறுக மூடுவது போன்றது.

சூடு முதலில் தாக்குவது கெப்பாசிட்டரை. சிறு உருளை வடிவில் இருக்கும். மின்சாரத்தைச் சீராக்கித் தருவது அதன் வேலை. இதில் ஒரு வகைக்குள் திரவம் உண்டு. சூட்டில் அந்தத் திரவம் வற்றும். 10 டிகிரி உஷ்ணம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்! தலை உப்பிய கெப்பாசிட்டர் தன் காலம் முடிந்தது என்று அறிவிக்கிறது. அதை மட்டும் மாற்றினாலே பல யந்திரங்கள் உயிர் பெறும்.

பேட்டரியும் மின்சாரமும்

லேப்டாப் பேட்டரியை சுமார் 300 முதல் 500 தடவை முழுமையாக சார்ஜ் செய்யலாம். அதன் பிறகு தெம்பு குறையும். சூடும், எப்போதும் முழு சார்ஜிலேயே வைத்திருப்பதும் அதை இன்னும் சீக்கிரம் கிழமாக்கும். பேட்டரி உப்பினால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கக்கூடும்.

மின்சாரம் இன்னொரு எதிரி. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சில சமயம் மின் அழுத்தம் திடீரென்று எகிறும். இடி மின்னல் நேரத்திலும் ஆபத்து உண்டு. அப்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதே பத்திரம்.

சொல்லாமல் போகும் டிஸ்க்

இதுவரை சொன்ன பாகங்களைக் கடையில் வாங்கலாம். ஆனால் ஹார்டு டிஸ்க் கதை வேறு.

லேப்டாப்புகளில் உள்ள சுழலும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் மிதக்கும். இடைவெளி தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்! ஓடும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் மோதும். அத்துடன் எல்லாம் போயிற்று.

கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து, 2007-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகவே பழுதாயின. மூன்று வயதான டிஸ்குகளிலோ, ஒரே ஆண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேல்! அவற்றில் பல, எந்த முன்னறிவிப்பும் தராமலே போய்விட்டன.

டிஸ்க் ஓட்டம் இல்லாத புதிய வகைச் சேமிப்பும், பென் டிரைவும் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் எழுதி எழுதி அழிக்க, அவையும் தேயும்.

டிஸ்கை மாற்றலாம். அதில் இருந்த மகளின் கல்யாணப் படத்தை, இறந்துபோன அப்பாவின் குரலை, மகனின் சான்றிதழ்களை எந்தக் கடையில் வாங்குவது?

மரம் சொல்லும் பாடம்

மீண்டும் சாத்தனூருக்கு வருவோம். அந்த மரக்கட்டை 12 கோடி ஆண்டுகள் பிழைத்திருக்கவில்லை. மண்ணுக்குள் புதைந்த மரத்தில் தாதுக்கள் ஊறின. கட்டை இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பிடித்துக்கொண்டது. உருவம் மட்டும் மாறவில்லை. நாம் பார்ப்பது இயற்கை கல்லில் எடுத்து வைத்த நகல்!

நீங்களும் நகல் எடுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கட்டும். இன்னொன்று தனி டிஸ்கில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூரில் உள்ள உறவினரிடமோ, இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சரி பாருங்கள்.

பரண் மேல் உள்ள பெட்டியையும் இறக்குங்கள். புழுதியைத் துடைத்து, பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். செத்தது ஒரு சின்ன விசிறியாகக்கூட இருக்கலாம்!