மூக்கினுள் ஓர் எலும்பு முளை

மருதமுனைத் தறிக்கூடத்திலோ கல்முனைக் கடைத்தெருவிலோ மூக்கடைப்பு நீடித்தால், தூசியின்மேல் பழிபோட்டு, பீனிசமென்று ஆவி பிடிப்போருண்டு. இரு நாசிகளும் அடைபட்டால் அது பொருந்தக்கூடும். ஒரு நாசி மட்டும் மாதக்கணக்கில் அடைபட்டு, இரத்தமும் கசியுமாயின், காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

1938இல் ரிங்கெர்ட்ஸ் விளக்கிய, உள்நோக்கி மடிந்து வளரும் ‘பாப்பிலோமா’ என்னும் கட்டி அங்கிருக்கலாம். புற்றன்று; ஆயினும் அடி எஞ்சினால் மீண்டும் வளரும்; சிலரிடம் புற்றாகவும் மாறும்.

அடியைக் காண்பது எவ்வாறு? விந்தை இதுதான்: கட்டி பற்றிய இடத்து எலும்பு பல வேளைகளில் தடித்து, முளைபோற் புடைக்கிறது. சி.டி. படத்தில் அம்முளையைக் கண்ட சத்திர வைத்தியர், கட்டியை அகற்றியபின் அவ்வெலும்பையும் இழைத்தெடுப்பார். முளையைக் கண்டதும் புற்றென்று அஞ்சவேண்டுவதில்லை. புற்று பெரும்பாலும் எலும்பை அரிக்கும். முடிவு சொல்வது திசுப் பரிசோதனையே.