அளக்கும் கருவியை அளத்தல்

கன்கார்டு விமான எஞ்சினின் குழாய்களை அளப்பதற்காக, 1970-களின் தொடக்கத்தில் டேவிட் மெக்மர்ட்ரி என்னும் பொறியியலாளர் ஒரு தொடுகருவியை அமைத்தார். இன்று அத்தகைய கருவியை மில்லிங் இயந்திரத்தின் சுழல்தண்டிலேயே பொருத்துகிறோம். அதன் நுனியிலுள்ள மாணிக்கக் குண்டு பொருளைத் தொட்டவுடன், இயந்திரம் அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளும்.

ஒருமுறை நான் நுனியை மாற்றியபின் சரிபாராமலே வேலையைத் தொடங்கினேன். குண்டு சுழலச்சினின்று 0.05 மில்லிமீட்டர் விலகியிருந்தது. துளைகளும் அவ்வளவே விலகின. வார்ப்பு வீணாயிற்று.

சரிபார்க்கும் முறை எளிது. விட்டம் தெரிந்த வளையத்தின் உட்புறத்தில் ஓரிடத்தைத் தொடுக. சுழல்தண்டை 180 பாகை திருப்பி, அவ்விடத்தையே மீண்டும் தொடுக. இரண்டு அளவுகளின் வேறுபாட்டில் பாதியே அத்திசையில் குண்டின் விலகல். பின்னர் வளையத்தின் நடுவழியே எதிரெதிர்ப் பக்கங்களைத் தொடுக. இடையே நகர்ந்த தொலைவை வளைய விட்டத்தினின்று கழித்தால், கணக்கிற்குரிய குண்டு விட்டம் கிட்டும்.

கருவியை அளந்தறிந்த பின்னரே அதனைக் கொண்டு பிறவற்றை அளத்தல் வேண்டும்.