லில்லி பார்: காலம் கடந்து கிடைத்த சிறப்பு

லில்லி பார் (26 ஏப்ரல் 1905 – 24 மே 1978) இங்கிலாந்தைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை ஆவார். பிரெஸ்டன் நகரின் டிக், கெர் மகளிர் அணியில் இடது ஓர முன்கள வீராங்கனையாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விளையாடினார். 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தனது புகழ் மண்டபத்தைத் தொடங்கியபோது, அதில் இடம்பெற்ற ஒரே பெண் இவரே. அப்போது அவர் மறைந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தகைய ஒருவருக்கு உரிய சிறப்பு ஏன் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது என்பதை அறிய, அவர் விளையாடிய காலத்தை அறிய வேண்டும்.

இளமையும் அணியில் சேர்தலும்

லங்காஷயர் பகுதியிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ் நகரில் ஓர் உழைப்பாளர் குடும்பத்தில் லில்லி பிறந்தார். சிறுவயதில் தம் சகோதரர்களுடன் கால்பந்தும் ரக்பியும் ஆடிப் பழகினார். இடது காலால் அவர் அடிக்கும் பந்தின் வேகம் பிற்காலத்தில் அவரது அடையாளமாயிற்று.

முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் சென்றதால், தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தனர். பிரெஸ்டனில் டிராம் வண்டிகள் செய்துவந்த டிக், கெர் தொழிற்சாலை போர்க்காலத்தில் வெடிகுண்டுகளைத் தயாரித்தது. அங்கு வேலை செய்த பெண்கள் இடைவேளைகளில் பந்தாடத் தொடங்கி, பின்னர் ஓர் அணியாக இணைந்தனர். 1917 கிறிஸ்துமஸ் நாளில் பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்தின் டீப்டேல் மைதானத்தில் அவர்கள் ஆடிய போட்டியை 10,000 பேர் பார்த்தனர். வசூலான பணம் காயமடைந்த படைவீரர்களின் மருத்துவத்துக்கு அளிக்கப்பட்டது.

செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியில் ஆடிக்கொண்டிருந்த லில்லியின் திறமையைக் கண்ட டிக், கெர் அணியின் மேலாளர் ஆல்ஃபிரட் பிராங்க்லண்ட், அவரைத் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார். அப்போது லில்லி பதின்ம வயதின் நடுப்பகுதியில் இருந்தார். தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது.

உச்சம்

1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலில் எவர்டன் கழகத்தின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் மோதின. ஏறத்தாழ 53,000 பேர் உள்ளே இருந்தனர். இடமில்லாமல் பல்லாயிரம் பேர் வெளியே நின்றனர். அறப்பணிக்காக 3,000 பவுண்டுக்கும் மேல் திரண்டது. மகளிர் கழகப் போட்டி ஒன்றுக்குத் திரண்ட இக்கூட்டத்தின் சாதனை 2019 மார்ச் மாதம் வரை நிலைத்தது. அம்மாதம் மத்ரித் நகரில் அத்லெட்டிகோ மத்ரித், பார்சிலோனா அணிகள் ஆடிய போட்டியை 60,739 பேர் பார்த்தனர்.

தடை

1921 டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு அன்று என அது கூறியது. வசூலில் போதிய பங்கு அறப்பணிக்குச் செல்லவில்லை என்றும் குறை சொன்னது. ஆகவே சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் எவையும் பெண்கள் போட்டிக்கு மைதானம் தரக்கூடாது என்றது.

இத்தீர்மானம் பெண்கள் பந்தாடுவதையே தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பெரிய மைதானங்கள் அனைத்தும் சங்கத்தின் கழகங்களிடம் இருந்தன. மைதானம் இல்லையென்றால் பெருங்கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் வருவாயும் செய்தித்தாள்களின் கவனமும் இல்லை. இந்த வழியில்தான் தீர்மானம் பல மகளிர் அணிகளைக் கலையச் செய்தது.

டிக், கெர் அணி கலையவில்லை. பூங்காக்களிலும் ரக்பி மைதானங்களிலும் ஆடியது. 1922இல் வட அமெரிக்கப் பயணம் மேற்கொண்டது. கனடாவில் ஆட அனுமதி மறுக்கப்பட்டதால், அமெரிக்காவில் ஆண்கள் அணிகளை எதிர்த்து ஆடிச் சில போட்டிகளில் வெற்றியும் பெற்றது. 1926இல் தொழிற்சாலையின் தொடர்பு அறுந்தபின் பிரெஸ்டன் மகளிர் அணி என்ற பெயரில் தொடர்ந்தது.

லில்லி தொழிற்சாலையை விட்டபின், பிரெஸ்டன் அருகிலிருந்த விட்டிங்கம் மனநல மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்தார். அப்பணியைச் செய்துகொண்டே 1951 வரை ஆடினார். அவரது நீண்ட ஆட்டவாழ்வில் தடையில்லாத காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மட்டுமே.

பதிவேடு இல்லாத சாதனை

ஒரு விளையாட்டு வீரரைச் சிறப்பிக்கும்போது, எத்தனை போட்டிகள், எத்தனை கோல்கள், நாட்டுக்காக எத்தனை முறை என்று கேட்பது வழக்கம். இதே பிரெஸ்டன் நகரின் புகழ்பெற்ற வீரர் டாம் ஃபின்னியை எடுத்துக்கொள்வோம். அவர் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணிக்காக 433 லீக் போட்டிகளில் 187 கோல்களும், இங்கிலாந்துக்காக 76 போட்டிகளில் 30 கோல்களும் அடித்தார். ஒவ்வொன்றும் பதிவேட்டில் உள்ளது.

1946 முதல் 1951 வரை ஃபின்னியும் லில்லியும் ஒரே நகரின் அணிகளில் ஆடினர். ஃபின்னி ஆடிய டீப்டேல் மைதானத்தில் லில்லியின் அணி கால்வைக்க முடியவில்லை. அவருக்கு லீக் இல்லை. சங்கம் ஏற்ற நாட்டு அணியும் இல்லை. அவர் அடித்த கோல்கள் ஆயிரத்தை நெருங்கும் எனக் கூறப்படுகிறது. ஆயினும் செய்தித்தாள் குறிப்புகளையும் அணியினரின் நினைவுகளையும் கொண்டு திரட்டிய மதிப்பீடு அது. நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறும். தடை ஆட்டத்தோடு அதற்கான சான்றையும் சேர்த்தே குறைத்துவிட்டது.

1970களின் தொடக்கத்தில் தடை விலக்கப்பட்டது. 1972 நவம்பர் 18 அன்று இங்கிலாந்து மகளிர் அணி தனது முதல் அலுவல்முறைப் போட்டியில் ஸ்காட்லாந்தை 3–2 என்ற கணக்கில் வென்றது. அப்போது லில்லிக்கு வயது 67. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானார்.

சிறப்புகள்

2002இல் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களுள் பாபி மூர், பாபி சார்ல்டன், ஜார்ஜ் பெஸ்ட், டாம் ஃபின்னி ஆகியோருடன் லில்லி பாரும் இருந்தார். அருங்காட்சியகம் அப்போது டீப்டேல் மைதானத்திலேயே இயங்கிவந்தது. பின்னர்தான் மான்செஸ்டருக்கு மாறியது. 1921இன் முடிவுக்காகக் கால்பந்துச் சங்கம் 2008இல் மன்னிப்புக் கேட்டது. 2019 ஜூன் மாதம், மான்செஸ்டரிலுள்ள அருங்காட்சியகத்தில் சிற்பி ஹன்னா ஸ்டூவர்ட் வடித்த லில்லியின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. பிரித்தானியாவில் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு எழுப்பப்பட்ட முதல் சிலை இதுவாகும்.

இச்சிறப்புகள் எவற்றையும் லில்லி காணவில்லை. எனினும் அவற்றால் மாணவர்களுக்கு ஒரு பயன் உண்டு. மகளிர் கால்பந்து அண்மையில் தோன்றியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெருங்கூட்டத்தைத் திரட்டியது என்பதையும், ஒரு தீர்மானத்தால் அரைநூற்றாண்டு ஒதுக்கி வைக்கப்பட்டது என்பதையும் லில்லி பாரின் வரலாறு காட்டுகிறது.