விண்மீன் தடங்களைப் படம் பிடிப்போம்

மேலைநாட்டு வானியல் நூல்களில் ஓர் அழகிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். துருவ மீனை நடுவாகக் கொண்டு, இசைத்தட்டின் வரிகளைப் போல நூற்றுக்கணக்கான ஒளிக்கோடுகள் வட்ட வட்டமாக அமைந்திருக்கும். சேலத்திலிருந்து செல்லும் சாலை ஏற்காட்டு மலையில் ஏறத் தொடங்கும் இடம் அடிவாரம். அங்கே காமிராவை வடக்கு நோக்கி வைத்து இதே போன்ற படம் எடுத்தால் என்ன கிடைக்கும்? வளைகோடுகள் கிடைக்கும். ஆனால் அவற்றின் நடுப்புள்ளி மிகத் தாழ்ந்து, மலைக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடும். ஏன் இந்த வேறுபாடு? நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை அந்த வேறுபாடுதான் சொல்கிறது.

முதலில், விண்மீன் ஏன் கோடாக விழுகிறது என்று பார்ப்போம். பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் தன்னைத்தானே ஒரு முறை சுற்றுகிறது. அதாவது, மணிக்கு ஏறத்தாழ 15 பாகை. பூமியோடு நாமும் மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதால், விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தோன்றும். கி.பி. 499 அளவில் ஆரியபட்டர் இதற்குப் படகில் செல்பவனை உவமை காட்டினார். படகு முன்னே செல்ல, அசையாத கரை பின்னே செல்வதாக அவனுக்குத் தோன்றுகிறது அல்லவா? எனினும், நகர்வது வானமா பூமியா என்று நம் ஒளிப்படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. பூமிதான் சுழல்கிறது என்பதை 1851இல் பாரிசில் பூக்கோ தம் நீண்ட ஊசலைக் கொண்டு எல்லோரும் காணச் செய்தார்.

நம் கண்ணால் ஒளியைச் சேர்த்து வைக்க முடியாது. காமிராவால் முடியும். அதன் கதவு ஒரு மணி நேரம் திறந்திருந்தால், விண்மீன் நகர்ந்த 15 பாகையும் ஒரே கோடாகப் பதிந்துவிடும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். வானத்தின் சுழற்சி அச்சு வடதுருவத்தில் நிற்பவருக்குத் தலைக்கு நேர் மேலே இருக்கும். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்குத் தொடுவானத்தைத் தொட்டு நிற்கும். இடைப்பட்ட ஊர்களில், அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனில் இது 51½ பாகை. ஏற்காட்டில் ஏறத்தாழ 11.8 பாகை. கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே நம் துருவ மீன் தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தைச் சற்றே தாண்டி இருக்கும். 4 கிலோமீட்டர் தொலைவில் நம்மைவிட 1,000 மீட்டர் உயர்ந்த மலைமுகடு ஒன்று வடக்கே இருந்தால், அது 14 பாகை வானத்தை மறைத்துவிடும். மலையின் காலடியில் துருவ மீனைத் தேடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மேலே ஏறி, வடக்கு திறந்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சேலத்து விளக்கொளியும் அப்போது முதுகுப் பக்கம் போய்விடும்.

இலண்டனில் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களும் மறைவதே இல்லை. நமக்கோ ஏழும் உதித்து மறைகின்றன. துருவத்தைச் சுற்றி 12 பாகைக்குள் இருப்பவை மட்டுமே நமக்கு மறையாதவை. ஆனால் வடக்கே இழந்ததைத் தெற்கே பெறுகிறோம். இலண்டனில் ஒருபோதும் தோன்றாத அகத்திய மீன் நம் தென்வானில் 25 பாகை உயரம் வரை ஏறி, வில்லாக வளைந்து இறங்குகிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு உள்ள சிறப்புகளுள் ஒன்றும் இதுவே. அங்கு 1986இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் தடப்படத்துக்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. பூமியின் சுழற்சிக்கு எதிராக அது மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பதால், விண்மீன் கோடாகாமல் புள்ளியாகவே நிற்கும்.

படம் எடுக்கும் முறை எளிது. சனவரி முதல் மார்ச் வரை, மஞ்சு மூடாத அமாவாசையை ஒட்டிய இரவாகத் தேர்ந்தெடுங்கள். காமிராவை உறுதியான முக்காலியில் பொருத்துங்கள். லென்சை மிகத் தொலைவுக்குக் குவியுங்கள். பிலிம் காமிராவானால் 100 வேகப் பிலிம், துளை எப் 4 அல்லது 5.6 போதும். 'பி' நிலையில் வைத்து, கேபிளை அழுத்திப் பூட்டி ஒரு மணி நேரம் விடலாம். டிஜிட்டல் காமிராவில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படத்தில் புள்ளிகள் மிகும். ஆதலால் 30 விநாடிப் படங்களாக 120 எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குங்கள். படங்களுக்கிடையே இடைவெளி விட்டால் கோடு துண்டுபடும். லென்சில் பனி படிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் முக்காலியை நிறுத்தாதீர்கள். பெரியவர் துணையின்றிச் செல்லாதீர்கள்.

இரண்டு படங்கள் எடுங்கள். முதற்படத்தில் மிருகசீரிடக் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களை நோக்குங்கள். அவை வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஏறத்தாழ நேர்கோடாகவே விழும். அவற்றின் ஒரு மணி நேரக் கோடு 15 பாகை. அதுவே உங்கள் அளவுகோல். அச்சிட்ட படத்தில் அது 75 மி.மீ. இருந்தால், ஒரு பாகைக்கு 5 மி.மீ.

இரண்டாவது படத்தில், லென்சை மாற்றாமல், ரசமட்டம் வைத்துக் காமிராவைச் செங்குத்து வடிவில் கிடைமட்டமாக வடக்கே திருப்புங்கள். முந்திய அளவிலேயே அச்சிடுங்கள். அப்போது படத்தின் நடுக்கோடே தொடுவான மட்டம். வளைகோடுகள் சிலவற்றில் நாண்கள் வரைந்து, அவற்றின் மையக் குத்துக்கோடுகளை நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். அதுவே துருவம். துருவ மீன்கூட அதிலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகி, தானும் ஒரு சிறு வில்லை வரைந்திருக்கக் காண்பீர்கள். நடுக்கோட்டிலிருந்து துருவம் 59 மி.மீ. உயரத்தில் இருந்தால், 59ஐ 5ஆல் வகுக்க வருவது 11.8. அதுவே உங்கள் அட்சரேகை.

உங்கள் விடையை நிலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாகை பிழைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். முதல் முயற்சியிலேயே நீங்கள் உங்கள் மாவட்டத்துக்குள் வந்து நின்றால், நல்ல வானியல் மாணவர் என்று தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம்.